ஒயர்கூடையும் ஓ.டி.பி.யும்

எங்கள் வீட்டில் முதன்முதலாகத் திருட்டுப் போன பார்சலின் விலை 870 ரூபாய். அம்மாவின் சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கான ஸ்டிரிப், ஐம்பது கொண்ட ஒரு டப்பா. மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு நான் ஆபீசில் இருந்தபோது 'டெலிவரி ஆகிவிட்டது' என்று மெசேஜ் வந்தது. அம்மாவுக்கு போன் போட்டேன். "யாரும் பெல் அடிக்கலையேப்பா" என்றாள். ஆப்பைத் திறந்தால் அதில் ஒரு போட்டோ: எங்கள் செருப்பு ஸ்டாண்டு, மேல்தட்டில் மகளின் ஸ்கூல் ஷூ, அதை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அம்மா கதவைத் திறந்து பார்த்தாள். ஸ்டாண்டு இருந்தது, ஷூ இருந்தது, பெட்டி மட்டும் இல்லை.

சாயங்காலம் திரும்பி வரும்போது தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடியில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். டேப்பை பிளேடால் ஒரே கோடாகக் கீறியிருந்தார்கள். டப்பாவின் மூடி ஒரு பக்கம், ஸ்டிரிப்புகள் ஒரு பக்கம், கால்வாய் ஓரத்து மணலில் கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோலச் சிதறிக் கிடந்தன. இயர்போனோ வாட்சோ இருக்கும் என்று நினைத்து எடுத்திருப்பார். பாவம், ஏமாந்துபோயிருப்பார். அவருக்கும் பிரயோஜனம் இல்லை, எங்களுக்கும் இல்லை. திறந்து காற்றும் ஈரமும் பட்ட ஸ்டிரிப்பை நம்பி இன்சுலின் போட முடியாது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த லேபிள் மட்டும் கிழியாமல், என் பெயரும் கதவு எண்ணும் செல் நம்பரும் தெருவுக்கே தெரியும்படி மல்லாந்து கிடந்தது. முதலில் அதைத்தான் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது அயனாவரத்தில். மூன்று மாடி, ஆறு வீடு, லிஃப்ட் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. எங்களுடையது இரண்டாவது மாடி. கீழே ஒரு இரும்பு கேட் உண்டு. அதன் தாழ்ப்பாள் எந்த வருஷம் கடைசியாகப் போடப்பட்டது என்று யாருக்கும் ஞாபகமில்லை. அன்று ராத்திரி மாடிப்படியில் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. தண்ணீர் கேன் போடும் பையன், முதல் மாடியில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பழைய பேப்பர்காரர், கேபிள் பையன் என்று ஒவ்வொரு பெயராக வந்தது. கேட்டுக்கு உள்ளே குடியிருப்பவர்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். யார் எடுத்தது என்பது இன்றுவரை தெரியாது. அந்த அக்கா மட்டும் இரண்டு வாரம் எங்கள் மாடிப்படியில் முகம் கொடுக்காமல் போனார். அது எனக்கு 870 ரூபாயைவிடப் பெரிய நஷ்டமாகப் பட்டது.

"கேமரா இருக்கே, பார்த்துடலாம்" என்றார் கீழ்வீட்டுக்காரர். சென்னை போலீஸ் 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகப் பிரசாரம் செய்த காலத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாட்டிய கேமரா. அது பார்ப்பது அவருடைய காரை. மாடிப்படியின் முதல் இரண்டு படி ஓரமாகத் தெரியும். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஒரு ஜோடி கால் ஏறுகிறது, நீல ரப்பர் செருப்பு. மூன்று நிமிஷம் கழித்து இறங்குகிறது. முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. அதை ஏழெட்டு முறை ஓட்டிப் பார்த்தோம். நீல ரப்பர் செருப்பு போடாதவர் யார் எங்கள் தெருவில்? எனக்கே ஒரு ஜோடி இருக்கிறது. கேமரா திருட்டைத் தடுக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது சொல்வதெல்லாம் பொருள் போனபிறகு, அதுவும் பார்க்கும் கோணம் சரியாக இருந்தால்.

கம்பெனியிடம் புகார் கொடுத்தேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் இனி வருவது என் தப்பு. "நீங்கள் கொடுத்த குறிப்பின்படி வாசலில் வைத்துவிட்டோம்" என்று பதில் வந்தது. நான் எங்கே கொடுத்தேன் என்று கொதித்துப்போய் ஆப்பில் முகவரிப் பக்கத்தைத் திறந்தேன். 'வாசலில் வைத்துவிடவும்' என்ற இடத்தில் டிக் இருந்தது. 2020இல், கொரோனாவுக்குப் பயந்து, நானே போட்ட டிக். பார்சலை வாசலில் வைக்கச் சொல்லி, சானிடைசர் அடித்து, ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து உள்ளே எடுத்த நாட்கள். பயம் போய்விட்டது, டிக் போகவில்லை. இதைப் படிக்கிறவர்கள் இப்போதே ஒரு முறை உங்கள் ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

அதற்கு அப்புறம்தான் யோசித்தேன். நம் ஊரில் வாசலில் பொருளை வைத்துவிட்டுப் போவது என்ற பழக்கமே புதுசு. அப்பா பதிப்பகங்களிலிருந்து வி.பி.பி.யில், அதாவது கட்டு வந்ததும் தபால்காரரிடம் பணம் கொடுக்கும் முறையில், புத்தகம் வரவழைப்பார். தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருவார், பணத்தை எண்ணி வாங்குவார், கையெழுத்து வாங்குவார், அப்பா இல்லாவிட்டால் கட்டு மறுபடி போஸ்ட் ஆபீசுக்கே போய்விடும். பிறகு ஆன்லைன் கடைகள் வந்தன. கார்டு நம்பரைக் கொடுக்க நாம் பயந்தோம். அதனால் 2010இல் ஃபிளிப்கார்ட் 'கேஷ் ஆன் டெலிவரி' கொண்டுவந்தது, வி.பி.பி.க்கு அதுவொன்றும் புது விஷயமில்லை, ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. நம்பிக்கையில்லாத வாடிக்கையாளருக்காகச் செய்த ஏற்பாடு, கூடவே திருட்டையும் தடுத்தது. பணம் வாங்க வேண்டும் என்பதால் கொண்டுவருபவர் நம்மைத் தேடினார். யு.பி.ஐ.யில் பணம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தபிறகு, அவர் தேடுவது நம் வாசலைத்தான். அதற்கு மேல் கொரோனாவும் வந்து, கையில் கொடுக்காமல் போவதுதான் மரியாதை என்று ஆக்கிவிட்டது.

அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் முதுகில் இருக்கும் பை அவரைவிடப் பெரிசு. மே மாதத்தில் இரண்டு மாடி ஏறி, பெல் அடித்து, சீரியல் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்காமல், மறுபடி அடித்து நிற்க அவருக்கு நேரம் இல்லை. பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் பலருக்குக் கூலி. நிற்கிற நேரத்துக்குக் காசு கிடையாது.

வாசலில் வைத்த பொருள் திருடுபோவது முற்றிலும் புதுசு என்றும் சொல்ல மாட்டேன். ஆவின் பாக்கெட் போகாத வீடு எது? சின்ன வயசில் எங்கள் கேட்டில் துணிப்பை தொங்கும். விடிகாலையில் அதில் ஒரு பச்சை, ஒரு நீலம் போட்டுவிட்டுப் போவார்கள். மாதத்துக்கு இரண்டு தடவையாவது பச்சை காணாமல் போகும். நீலம் போகாது. கொழுப்பு அதிகமுள்ள பாலாகப் பார்த்து எடுக்கிற விவரமான திருடர். ஒரு வாரம் அம்மா நாலரை மணிக்கே எழுந்து கேட்டருகே நின்றாள். அப்புறம் பையை எடுத்துவிட்டு, பால்காரர் பெல் அடித்தால்தான் பால் என்று ஏற்பாடு மாறியது. திருட்டும் நின்றது. பால்காரருக்கு மாதம் பத்து ரூபாய் கூடுதல்.

என் சித்தப்பா மகள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறாள். ஸ்டிரிப் கதையைச் சொன்னபோது சிரித்தாள். "இதுக்கு இங்க பேரே இருக்குண்ணா. போர்ச் பைரேட்." திண்ணைக் கொள்ளையர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பல வீடுகளுக்கு மதில் கிடையாது, வாசல் நேராகத் தெருவைப் பார்த்து இருக்கும், பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கார் மெதுவாக வரும், ஒருத்தர் இறங்குவார், எடுத்துக்கொண்டு போவார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது இது சீசன். பெல்லோடு கேமரா வைத்த ரிங் என்ற கம்பெனியை 2018இல் அமேசானே விலைக்கு வாங்கிவிட்டது. அதே வருஷம் டிசம்பரில், மார்க் ரோபர் என்ற முன்னாள் நாசா பொறியாளர், திறந்தால் ஜிகினாத்தூள் வெடித்து நாற்றம் அடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து திருடர்களுக்காக வைத்தார். உலகமே பார்த்துச் சிரித்தது. சில நாளில், அதில் வந்த 'திருடர்'களில் சிலர் தெரிந்தவர்களின் ஆட்கள் என்று தெரியவந்து, அந்தக் காட்சிகளை அவரே நீக்கி மன்னிப்புக் கேட்டார். பார்சல் திருட்டு வீடியோவுக்கே திருடர் தட்டுப்பாடு!

சட்டம் அங்கே இன்னும் வேடிக்கை. அரசுத் தபால் துறை கொண்டுவந்ததைத் திருடினால் மத்தியச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை. அதே திண்ணையில் தனியார் கூரியர் வைத்த பெட்டியை எடுத்தால் அந்தச் சட்டம் தொடாது, அந்தந்த மாநிலச் சட்டம்தான். எடுப்பவர் ஸ்டாம்ப் பார்த்தா எடுப்பார்? தங்கை இதையெல்லாம் நம்பி இருக்கவில்லை. விலை உயர்ந்த சாமான் என்றால் வீட்டு முகவரியே கொடுப்பதில்லை. வழியில் இருக்கும் அமேசான் லாக்கருக்கோ (பார்சலைப் பூட்டி வைக்கும் பொது அலமாரி) மருந்துக்கடைக்கோ அனுப்பச் சொல்லி, ஆபீஸ் முடிந்து வரும்போது எடுத்துக்கொள்கிறாள். ஊருக்கு வரும்போது தபால் துறையிடம் சொல்லிவிட்டால் முப்பது நாள் வரை தபாலைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். கேமரா மாட்டிய வருஷமும் அவளுக்கு ஒரு பெட்டி போயிருக்கிறது. லாக்கருக்கு மாறியபிறகு போகவில்லை.

எங்கள் தெருவில் லாக்கர் வைக்க இடமில்லை. அயர்ன் வண்டி இருக்கிறது. வண்டி அண்ணனிடம் போய், "பகல்ல பார்சல் வந்தா வாங்கி வெச்சிருங்கண்ணே" என்று கேட்டேன். மாசத்துக்கு ஏதாவது தருகிறேன் என்றதும் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார், ஆனால் நிபந்தனையோடு. "செல்போன், லேப்டாப்னு எதையும் என் தலைல கட்டாதீங்க சார். நான் டீ குடிக்கப் போவேன், வண்டி தனியாத்தான் நிக்கும்." நியாயம். அதனால் அங்கே போவது நோட்டுப் புத்தகம், டப்பர்வேர், மகளின் பெயின்ட் பெட்டி வகையறா. ஒரு தடவை தலையணை உறைகள் வந்த கவர் தேய்த்த துணி மூட்டைக்குள் போய், மூன்று வீடு தள்ளி ஒரு வக்கீல் வீட்டு பீரோவில் பத்து நாள் இருந்தது. அதைத் திருட்டு என்று கணக்கு வைக்கவில்லை.

கணக்கில் வைக்கக் கூடாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகளுக்கு வாங்கிய ஷூ 'டெலிவரி ஆகிவிட்டது' என்று வந்தது; வரவில்லை. இந்த முறை டிக் எல்லாம் சரியாக எடுத்திருந்தேன், அதனால் கோபம் இரட்டிப்பு. புகாரை டைப் அடிக்கும்போது போட்டோவை உற்றுப் பார்த்தேன். கதவு நீலம். எங்கள் கதவு பழுப்பு. நீலக் கதவில் ஒரு ஸ்டிக்கர் கோலம், பக்கத்தில் துளசி மாடம். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலையும் ஒப்பிட்டுக்கொண்டே போனேன், இரண்டு பேர் "வாடகைக்கா பார்க்கறீங்க?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் புதிய எண் 31, பழைய எண் 14. தெருக்கோடியில் புதிய எண் 14 ஒன்று இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். நீலக் கதவைத் தட்டினேன். எழுபது வயசு அம்மா ஒருவர் திறந்தார். ஷூ டப்பா பிரிட்ஜ் மேலே பத்திரமாக இருந்தது. "மூணு நாளா வெச்சிருக்கேன் தம்பி. நம்பரு பொடி எழுத்துல இருக்கு, என் கண்ணுக்குப் படிக்க வரல."

அன்றே முகவரியைத் திருத்தினேன். பழைய எண்ணை அடியோடு எடுத்தேன். 'புதிய எண் 31, பச்சை கேட், பிள்ளையார் கோயிலுக்கு நேர் எதிர், இரண்டாவது மாடி' என்று எழுதி, மேப்பில் குத்தியிருந்த புள்ளியையும் நகர்த்தி வைத்தேன். அது அதுவரை கோயில் குளத்தின் நடுவில் இருந்தது. இதைச் செய்தபிறகு 'காணாமல்' போவது பாதி குறைந்துவிட்டது.

இப்போது ஓ.டி.பி.க்கு வருகிறேன். செல்போன் மாதிரி விலை அதிகமான பொருளுக்கு ஆன்லைன் கடைகள் டெலிவரிக்கு என்று தனியாக ஒரு எண் அனுப்புகின்றன. 2025 அக்டோபரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டிலும், அனுப்புகிறவர் கூடுதலாக ஐந்து ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால், ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பாதிப் பேர் அதைக் கதவுத் தாழ்ப்பாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கையெழுத்து. வி.பி.பி. கட்டு கைக்கு வருமுன் அப்பா கையெழுத்துப் போட்டதில்லை. நாம் போடுகிறோம். மீட்டிங்கில் இருப்போம், போன் வரும்: "சார், ஓ.டி.பி. சொல்லுங்க, வாசல்ல வெச்சுட்டுப் போயிடறேன்." அவசரத்தில் சொல்லிவிடுவோம். அந்த வினாடியே கணக்குப்படி பொருள் நம் கையில். அதற்கு அப்புறம் அது ஸ்டாண்டு மேல் இருந்தாலும் டிரான்ஸ்பார்மர் அடியில் இருந்தாலும், வாங்கவில்லை என்று வாதாடுவது கஷ்டம். செல்போன் வாங்கினால் ஃபிளிப்கார்ட்டில் 'ஓப்பன் பாக்ஸ்' டெலிவரி உண்டு: கொண்டுவருபவர் நம் முன்னால் பெட்டியைப் பிரித்துக் காட்டுவார்; பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லலாம். பெட்டிக்குள் சோப்புக் கட்டி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

டெலிவரி பெயரைச் சொல்லி வருகிற வேறு ஆட்களும் இருக்கிறார்கள். முகவரி சரியில்லை, ஸ்டார் 21 அல்லது ஸ்டார் 401 என்று ஆரம்பிக்கிற ஒரு நம்பரை அழுத்துங்கள் என்பார்கள். அழுத்தினால் நம் போனுக்கு வரும் அழைப்புகளெல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடும், பேங்க் ஓ.டி.பி. சொல்லும் அழைப்பு உட்பட. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அம்மாவிடம் இதை விளக்க வழி தெரியாமல் ஒரே சட்டம் போட்டிருக்கிறேன்: போனில் யார் எதை அழுத்தச் சொன்னாலும் சிவப்புப் பட்டனை அழுத்து. இன்னொரு சட்டம், நான் காலையில் சொல்லாத பார்சலுக்குப் பணம் கொடுக்காதே. கேட்காத பொருளை வீட்டுக்காரர் பெயரில் கொண்டுவந்து, 499 ரூபாய் என்று பெரியவர்களிடம் வாங்கிக்கொண்டு போவது பகல் நேரத்தில் நிறைய நடக்கிறது.

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்த ஏற்பாடு அம்மாவுடையது. சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒயர்கூடை ஒன்று பரணில் கிடந்தது, இருபது வருஷத்துக்கு முன் அவளே பின்னியது. அதன் இரண்டு பிடியையும் சேர்த்து நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை பால்கனிக் கம்பியில் கட்டினாள். கூடை காற்றில் சுற்றாமல் இருக்க அடியில் பழைய எடைக்கல் ஒன்று, அரைக் கிலோ. கீழே பைக் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். "அம்மா, பார்சல்!" கூடை இறங்கும். முதல் மாடி ஜன்னல் சிலாப்பில் ஒரு தடவை இடிக்கும், அம்மா மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றுவாள், விடுபட்டுக் கீழே போகும். அந்தப் பையன் பார்சலை வைத்து, கூடையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வான். இப்போது என் ஆப்பில் வரும் டெலிவரி போட்டோக்களில் பாதி ஒயர்கூடைதான்.

அவர்களுக்கு இரண்டு மாடி ஏறுவது மிச்சம் என்பதால் எங்கள் வீட்டைத் தேடி வருகிறார்கள். புது ஆளாக இருந்தால் கேட்டில் நிற்கிற ஆட்டோக்காரர் "மேல பாரு, கூடை வரும்" என்று சொல்லிவிடுகிறார். மேல்மாடிக்காரர்களின் பார்சலும் எங்கள் கூடையில்தான் ஏறுகிறது. ஓ.டி.பி. என் போனுக்கு வரும், அதை அம்மாவுக்கு அனுப்புவேன், கூடை மேலே வந்து, அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தபிறகு, பால்கனியிலிருந்து "ஒன்பது... ரெண்டு... ரெண்டு... நாலு!" என்று கத்துவாள். தெருவுக்கே கேட்கும். அதனால் என்ன, அந்த எண்ணுக்கு அதற்கு மேல் ஆயுசு இல்லை. பேங்க் எண்ணை இப்படிக் கத்தக் கூடாது என்று மட்டும் பலமுறை சொல்லி வைத்திருக்கிறேன்.

ஸ்டிரிப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிழிந்த பெட்டியின் போட்டோவைப் போட்டு விடாமல் எழுதினேன். 'இந்த ஒரு முறை மட்டும்' என்று திருப்பிக் கொடுத்தார்கள். நீங்கள் என்னைப்போல டிக் போட்டு மாட்டிக்கொள்ளாதவராக இருந்தால் இன்னும் தைரியமாகக் கேட்கலாம். 2020இல் வந்த மின் வணிக விதிகளின்படி, புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. விலை உயர்ந்த பொருள் என்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கி வையுங்கள். புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குத் தண்டனை சமூக சேவை. நீல ரப்பர் செருப்புக்காரர் என்றாவது மாட்டினால் எங்கள் கேட்டுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடும் வேலையைக் கொடுக்கலாம்.

கூடைக்கு இப்போது ஒரு பிரச்சினை. பால்கனிக் கம்பியில் உரசி உரசிக் கயிறு ஓரிடத்தில் நைந்துவிட்டது. போன வாரம் பத்து கிலோ இட்லி அரிசி வந்தபோது அம்மா கூடையை இறக்கவில்லை, அந்தத் தம்பி மூச்சு வாங்க ஏறி வந்தான். ஆன்லைனில் இருபது மீட்டர் கயிறு போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அதைத் தூக்கும்போதுதான் இது அறுந்துபோகும். நீ வரும்போது நாடார் கடையில வாங்கிட்டு வா" என்றாள்.